ஒரு சாண் தண்ணீர்: பள்ளிக்கரணை பற்றி வாசகர் கேள்விகள்

சென்னையின் தென்பகுதியில் குடியிருப்புகளுக்கும் கணினி நிறுவனங்களின் கட்டடங்களுக்கும் நடுவே எஞ்சியிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பற்றியும் அங்கே வந்து தங்கும் பறவைகளைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவர்களுள் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் பகுதி ஏரியைத் தூர் வாரிய பிறகு கோடையிலும் தண்ணீர் நிற்கிறது. அதேபோல் பள்ளிக்கரணையையும் பத்தடி ஆழத்துக்குத் தோண்டிச் சுற்றிலும் கரை எழுப்பினால் வெள்ளமும் தணியும், பறவைகளும் பெருகும் அல்லவா? (மடிப்பாக்கம் வாசகர்)

பதில்: மிகப் பலர் கேட்டிருப்பது இந்தக் கேள்வியைத்தான் என்பதால் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஏரி என்பது மனிதர் கட்டியது. சரிவின் கீழ்ப்புறம் கரை போட்டு, பாசனத்துக்கு மதகும் மிகுநீர் வெளியேறக் கலங்கலும் வைத்து, நீரைத் தேக்கிவைப்பதற்காகவே அது அமைக்கப்பட்டது. பள்ளிக்கரணை அப்படிப்பட்டது அன்று. கடலோரத் தாழ்நிலத்தில், கரை என்று ஒன்று இல்லாமல், மழைக்காலத்தில் விரிந்தும் கோடையில் சுருங்கியும் கிடக்கும் இத்தகைய இடத்துக்குக் கழுவெளி என்ற பழைய சொல்லே நம்மிடம் இருக்கிறது. மரக்காணத்தை அடுத்த நீர்ப்பரப்புக்கு அதுவே பெயராக நின்றுவிட்டது. ஏரிக்கு ஆழம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கழுவெளிக்கு ஆழமின்மை.

இதைப் பறவைகளின் கால்களைக் கொண்டே அளந்துவிடலாம். ஜனவரியில் ஒரு காலைப்பொழுது சாலையோரம் நின்று சதுப்பைப் பார்த்தால், ஈரச் சேற்றின் விளிம்பில் சிட்டுக்குருவி அளவேயுள்ள கொசு உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருக்கும். அவற்றைத் தாண்டிக் கணுக்கால் அளவு நீரில் பொறி உள்ளான்கள் நிற்கும். இன்னும் சற்று உள்ளே, சிவந்த நீண்ட கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவைத்து நெடுங்கால் உள்ளான்கள் நடக்கும். அதே ஆழத்தில் கருவால் மூக்கன் தன் நீண்ட நேரான அலகைக் கண்வரை சேற்றுக்குள் செலுத்தித் துழாவும். முழங்கால் அளவு நீரில் பூநாரைகள். அதையும் கடந்த பகுதியில், ஊசிவால் வாத்துகள் தலையைக் கீழே விட்டு வாலை வானத்துக்குத் தூக்கிக் கவிழ்ந்து நிற்கும். இவை முங்கி மீன் பிடிக்கும் வாத்துகள் அல்ல. கவிழ்ந்தபடி கழுத்தை நீட்டினால் எட்டக்கூடிய தூரத்துக்குள் விதையும் கிழங்கும் இருந்தால்தான் அவற்றுக்கு உணவு. ஆக, இத்தனை வகைப் பறவைகளும் ஒரு முழத் தண்ணீருக்குள் தங்களுக்குள் பாகம் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. அந்த இடத்தைப் பத்தடிக்குத் தோண்டிவிட்டால் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முக்குளிப்பானும் கூழைக்கடாவும் தங்கும். மற்றவற்றுக்குக் கால் ஊன்ற இடமிருக்காது.

வெள்ளத்தைப் பொறுத்தவரையிலும் இந்த யோசனை உதவாது. செம்பாக்கத்து மிகுநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிச் சதுப்பை அடைவதுபோல, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் நீர் வந்து சேரும் இடம் பள்ளிக்கரணை. வெளியேறும் வழியோ ஒக்கியம் மடுவு என்னும் கால்வாய் ஒன்றுதான். அங்கிருந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். மடுவின் தரைமட்டத்துக்குக் கீழே நாம் எவ்வளவு தோண்டினாலும், அந்தக் குழி வடகிழக்குப் பருவத்தின் முதல் மழைகளிலேயே நிரம்பிவிடும். நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ புயல் வரும்போது அதில் புதிய நீருக்கு இடமே இருக்காது. வெள்ளத்தை வாங்கிக்கொள்வது பரப்பு. 1960களில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டருக்கு விரிந்திருந்த சதுப்பில் இன்று சிறு பகுதியே எஞ்சியிருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், 2015 டிசம்பரிலும் 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியதற்கு ஆழக்குறைவைக் குற்றம் சொல்ல முடியாது. கொட்டிய கட்டட இடிபாடுகளை அகற்றுவதும், மடுவையும் வரத்துக் கால்வாய்களையும் அடைப்பின்றி வைத்திருப்பதும் தேவையான வேலைகள்தாம். அவற்றையும் தூர் வாருதல் என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் குழப்பம் வருகிறது.

கேள்வி: அப்படியானால் படகுச் சவாரியாவது விடலாமே? (நங்கநல்லூர் வாசகி)

பதில்: படகு தரைதட்டும். தட்டாத அளவு ஆழம் இருந்தால், படகில் போய்ப் பார்ப்பதற்குப் பறவை இருக்காது.

கேள்வி: சென்ற ஆண்டு மார்ச்சில் பூநாரைக் கூட்டத்தைக் கண்டேன். இந்த ஆண்டு டிசம்பரில் குழந்தைகளை அழைத்துச் சென்றபோது ஒன்றுகூட இல்லை. வலசைக் காலம் அதுதானே? பார்த்தவற்றுள் சில அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருந்தன, அவை நோயுற்றவையா? (தாம்பரம் வாசகர்)

பதில்: வலசை என்றாலே சைபீரியாவிலிருந்து குளிர்காலத்தில் வருவது என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்றவற்றுக்கு அது பொருந்தும். அவை அக்டோபர் தொடங்கி வந்து, மார்ச் வாக்கில் வடக்கே திரும்பிவிடும். பூநாரையின் கணக்கு வேறு. நம் நாட்டில் அது பெருமளவில் கூடு கட்டுவது குஜராத்தின் ரான் ஆஃப் கட்ச் உப்புச் சமவெளியில். மற்ற காலத்தில் நாட்டுக்குள்ளேயே, உணவும் ஆழமும் ஒத்துவரும் இடத்தைத் தேடி அலைகிறது. டிசம்பரில் பள்ளிக்கரணை நிறைந்திருக்கும்போது அதற்கு அங்கே வேலை இல்லை. நீர் வற்றி, சேறு குழம்பாகி, நுண்ணிய பாசியும் புழுக்களும் கூனிறால் வகைகளும் செறிந்துவிட்ட பிறகுதான் வருகிறது. ஆகவே அடுத்த முறை நாள்காட்டியைப் பாராமல் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். பருவமழை பொய்த்த ஆண்டில் சீக்கிரமே வரலாம். கொட்டித் தீர்த்த ஆண்டில் தாமதமாகலாம்.

பூநாரை உண்ணும் விதத்தை உங்கள் குழந்தைகள் கவனிக்கட்டும். தலையைத் தலைகீழாக நீருக்குள் வைக்கிறது. அதனால் மேல் அலகு கீழாகவும் கீழ் அலகு மேலாகவும் ஆகிவிடுகின்றன. நாக்கு பம்பைப்போல் முன்னும் பின்னும் அசைந்து நீரை உள்ளிழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போல் வரிசையாக உள்ள தகடுகளில் உணவு வடிகட்டப்படுகிறது. நமக்கு எதற்கும் உதவாத சேற்றுநீர் அதற்குச் சல்லடை போட்டுச் சலிக்கக் கிடைத்த மாவு.

சாம்பல் நிறத்தவை இளம் பறவைகள், நோயுற்றவை அல்ல. இளஞ்சிவப்பு நிறம் பிறவியில் வருவதன்று, உணவிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகள் இறகில் படிந்து வருவது. அது முழுமையாக ஏறச் சில ஆண்டுகள் ஆகும்.

கேள்வி: ஆகாயத் தாமரையின்மேல் வால் நீண்ட ஒரு பறவை நடந்து செல்வதைக் கண்டேன். தண்ணீரில் மூழ்காமல் எப்படி நடக்கிறது? ஆகாயத் தாமரை பறவைக்கு உதவுகிறது என்றால் அதை ஏன் அகற்றச் சொல்கிறார்கள்? (பெரும்பாக்கம் வாசகி)

பதில்: நீங்கள் கண்டது நீளவால் இலைக்கோழி. மிதக்கும் இலையில் அது நிற்பதன் சூட்சுமம் அதன் விரல்களில் இருக்கிறது. உடலுக்குப் பொருந்தாத அளவு நீண்ட விரல்களும் நகங்களும் பல இலைகளின்மேல் ஒருசேரப் படிவதால், எடை ஓரிடத்தில் அழுத்தாமல் பரவிவிடுகிறது. அரிவாள்போல் வளைந்த அந்தக் கரிய வால் இனப்பெருக்கக் காலத்துக்கு மட்டுமே உரியது. மற்ற மாதங்களில் வாலும் இல்லாமல், பழுப்பும் வெள்ளையுமான உடலோடு அது திரியும்போது வேறொரு பறவை என்றே எண்ணிவிடுவோம்.

இந்தப் பறவையின் குடும்ப வாழ்க்கை இன்னும் விந்தையானது. பெண் பறவை ஆணைவிடப் பெரியது. ஓர் ஆணிடம் நான்கு முட்டைகளை இட்டு ஒப்படைத்துவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் முழுக்கத் தந்தையின் பொறுப்பு. கூடு என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இருக்காது. மிதக்கும் இலைதழைகளின்மேல் வெண்கலப் பளபளப்புள்ள முட்டைகள் ஈரத்திலேயே கிடக்கும். நீர்மட்டம் ஏறினாலோ ஆபத்து நெருங்கினாலோ ஆண் பறவை முட்டைகளை ஒவ்வொன்றாக அலகால் இழுத்து வேறு இலைக்கு மாற்றிவிடுவதும் உண்டு.

உங்கள் இரண்டாவது கேள்வி நியாயமானது. இலைக்கோழிக்கும் நீலத் தாழைக்கோழிக்கும் மிதக்கும் செடி வேண்டும். ஆனால் அல்லி, தாமரை, நீர்ப்பூண்டு என்று நம் நீர்நிலைகளில் இயல்பாக வளர்பவை இடையிடையே திறந்த நீரை விட்டுவைக்கின்றன. தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத் தாமரை, குறிப்பாகச் சாக்கடை கலந்த நீரில், ஒரு முழ இடத்தைக்கூட விடாமல் மூடிவிடும். ஒளி உள்ளே புகாது, நீரில் ஆக்சிஜன் குறையும், மீனும் நத்தையும் அருகும். மூடிய பரப்பின்மேல் நடக்க ஓர் இலைக்கோழிக்கு இடம் கிடைக்கிறது என்பதற்காக, அடியில் உணவு தேடும் பத்துப் பறவைகளின் வாசலை அடைத்துவிட முடியாது. சாக்கடையை நிறுத்தாமல் செடியை மட்டும் இயந்திரத்தால் வாரிக்கொண்டிருந்தால் அது அடுத்த ஆண்டும் வந்து நிற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: பெருங்குடிக் குப்பைமேட்டை ஒட்டித்தான் பறவைகள் அதிகமாகத் தென்படுகின்றன. அப்படியென்றால் குப்பையால் அவற்றுக்குக் கேடு இல்லை என்றுதானே பொருள்? (துரைப்பாக்கம் வாசகர்)

பதில்: எத்தனை பறவைகள் என்பதோடு எந்தப் பறவைகள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். குப்பைமேட்டில் வட்டமிடுபவை கரும்பருந்து, காகம், உண்ணிக்கொக்கு ஆகியவை. மனிதர் கழித்ததைத் தின்னப் பழகிய இனங்கள். கழிவுநீர்க் குட்டையிலும் நெடுங்கால் உள்ளான் கூட்டமாக நிற்கும், ஏனென்றால் அசுத்த நீரில் செழிக்கும் புழுக்களே அதற்கு விருந்து. நீலச்சிறகியையும் கருவால் மூக்கனையும் அதே இடத்தில் தேடினால் உங்களுக்கே வேறுபாடு புலப்படும்.

1980களிலிருந்து சதுப்பின் மேலேயே குப்பை கொட்டப்பட்டு வந்ததால் அங்கே நிலம் பறிபோனது ஒரு பக்கம். குவியலின் அடியிலிருந்து கறுப்பாக வடியும் கசிவுநீர் மழைதோறும் சதுப்பில் கலப்பது இன்னொரு பக்கம். அண்மை ஆண்டுகளில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் பணி நடந்து வருகிறது. மீட்ட இடம் மறுபடியும் சதுப்பாக விடப்படுமா, மண் நிரப்பிச் சமதளமாக்கப்படுமா என்பதில்தான் அந்தப் பணியின் பயன் இருக்கிறது. பறவைகளின் பக்கம் நின்று பேசும் எனக்கு முதலாவதைத் தவிர வேறு எதையும் ஏற்க மனம் வரவில்லை.

கெட்டுப்போன நீர் பறவைகளை ஒரே வீச்சில் வாரிக்கொண்டு போவதும் உண்டு. 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பார் ஏரியில் பல்லாயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் இறந்தன. பாட்டுலிசம் என்னும் நச்சுநோயே காரணம் என்று பரிசோதனையில் தெரியவந்தது. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் பெருகும் நுண்ணுயிர் உண்டாக்கும் நச்சு அது. இறந்த பறவையின் உடலில் நெளியும் புழுக்களில் அந்த நஞ்சு சேர, அவற்றைத் தின்ற அடுத்த பறவையும் கழுத்தை நிமிர்த்த முடியாமல் வீழும். ஆகவே சதுப்பின் ஓரம் இறந்த பறவைகளைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். உடல்களை விரைவில் அகற்றுவதே பரவலைத் தடுக்கும் முதல் வழி.

கேள்வி: ராம்சார் தகுதி கிடைத்துவிட்டது என்று கொண்டாடினோம். அதனால் உண்மையில் என்ன மாறியிருக்கிறது? (வேளச்சேரி வாசகர்)

பதில்: ராம்சார் என்பது ஈரானில் உள்ள ஓர் ஊர். 1971 பிப்ரவரி 2 அன்று ஈரநிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கை அங்கே கையெழுத்தானது. இந்தியா 1982இல் அதில் சேர்ந்தது. தமிழகத்தில் முதலில் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது கோடியக்கரை, 2002இல். பள்ளிக்கரணை 2022இல் பிச்சாவரம், கரிக்கிலி ஆகியவற்றோடு சேர்ந்தது.

அந்தப் பட்டியலில் ஏறுவது ஒரு நாடு உலகத்துக்குக் கொடுக்கும் வாக்குறுதி. வாக்குறுதி மீறப்பட்டால் வழக்காடுவதற்கு நம் நாட்டுச் சட்டமே வேண்டும். அந்த வேலையைச் செய்வது 2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகள். ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவது, ஆக்கிரமிப்பது, குப்பை கொட்டுவது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவது, வேட்டையாடுவது ஆகியவற்றை அவை தடுக்கின்றன. சராசரி உச்ச வெள்ளமட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானமும் கூடாது.

சிக்கல் எல்லைக்கோட்டில்தான். ராம்சார் பட்டியலில் குறிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்டபோதிலும், வனத்துறையின் வசமுள்ள நிலம் அந்தப் பரப்பில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. எஞ்சிய பகுதியில் பட்டா நிலங்களும் அடங்கும் என்பதால், ஒவ்வொரு புல எண்ணும் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்ற கேள்வி எழுந்துகொண்டே இருக்கிறது. தரையில் அளந்து கல் நடும்வரை வரைபடத்திலுள்ள கோட்டை நீர்நாரையும் மதிக்காது, நில வணிகரும் மதிக்கமாட்டார்.

கேள்வி: பறவை பார்க்கத் தொடங்க விரும்புகிறேன். எப்போது, எப்படிப் போக வேண்டும்? பொரி வாங்கிப் போகலாமா? (குரோம்பேட்டை வாசகி)

பதில்: பொரி வேண்டாம், ரொட்டியும் வேண்டாம். ஊறிக் கெட்டு நீரைத்தான் பாழாக்கும், காகத்தைத்தான் கூட்டும். எட்டு மடங்கு பெரிதாக்கும் எளிய இருநோக்கி ஒன்று, குறிப்பேடு ஒன்று, மங்கலான நிறத்தில் உடை, இவை போதும். விடிந்த இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் உங்கள் முதுகில் விழும்படி நிற்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும். பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் சாலையோரம் வனத்துறை அமைத்துள்ள பூங்காவின் நடைபாதை தொடங்குவதற்கு ஏற்ற இடம். முதல் நாளே ஐம்பது பெயர்களைக் கற்க முயலாமல், நாமக்கோழி, தாழைக்கோழி, நீலத் தாழைக்கோழி மூன்றையும் பிரித்தறியப் பழகுங்கள்: நெற்றியில் வெள்ளை நாமம் முதலாவதற்கு, சிவந்த நெற்றியும் மஞ்சள் அலகு நுனியும் இரண்டாவதற்கு, உடல் முழுக்க நீலமும் தடித்த சிவப்பு அலகும் மூன்றாவதற்கு. ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் யாரும் கலந்துகொள்ளலாம்.

கேள்வி: பள்ளிக்கரணையில் நான் எடுத்த படத்தில் இரண்டு நாரைகள் உள்ளன. ஒன்றின் அலகு நடுவில் மூடாமல் வளைந்து, உடைந்ததுபோல் இருக்கிறது. அதற்கு அடிபட்டிருக்கிறதா? (எட்டாம் வகுப்பு மாணவர், மேடவாக்கம்)

பதில்: இல்லை, அதன் அலகே அப்படித்தான். அதன் பெயர் நத்தை குத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் ஒரு சிறு இடைவெளி நிற்கும். பாக்குவெட்டியால் பாக்கை உடைப்பதுபோல் அது நத்தையை நசுக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் அது தின்று போட்ட ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்தால் பெரும்பாலானவை உடையாமலே இருக்கும். மேல் அலகின் நுனியால் நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கத்திபோல் கூரிய கீழ் அலகின் நுனியை ஓட்டின் மூடிக்குள் செருகி, சதையை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்து, முழு நத்தையையும் உருவி எடுத்துவிடுகிறது. இவ்வளவும் பெரும்பாலும் நீருக்கடியில் நடப்பதால் நமக்குத் தெரிவது குனிந்த தலையின் சிறு அசைவு மட்டுமே.

உங்கள் படத்தில் பின்னால் நிற்கும் இரண்டாவது நாரையின் அலகு நேராக மூடியிருப்பதால் அது வேறு இனம் என்று எழுதியிருக்கிறீர்கள். இறகின் பழுப்பைப் பார்த்தால் அதுவும் நத்தை குத்தியேதான் என்று தோன்றுகிறது. இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருப்பதில்லை, வளர வளரத்தான் உண்டாகிறது.